செந்தூரா வண்டி

செந்தூரா வண்டி இரண்டாம் வாசலுக்கு வரவும்
என்று ஒலிபெருக்கி சொன்னபோது மணி ஏழே கால்.
கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில்
இப்படியொரு வாக்கியம் யார் காதிலும் உறைக்காது.
அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருந்தோம்,
முதல் நாள் கூட்டத்தில், போண்டா தின்றபடி,
சிரித்தபடி.

எங்களுக்கு அதன் பொருள்:
யாரோ போன் செய்திருக்கிறான்.
எங்கேயோ ஒரு பை இருக்கிறதாம்.
எல்லாவற்றையும் நிறுத்து. ஓடாதே. ஓடவும் விடாதே.

ராட்டினத்தில் பதினாறு தொட்டி, அறுபத்தோரு பேர்.
உச்சியில் இருந்தவர்களுக்கு
கோட்டை மலையின் இருட்டும்
பெங்களூர் சாலையின் லாரி வெளிச்சமும் தெரிந்திருக்கும்.
எனக்குத் தெரிந்தது பிரேக் கட்டை.

எஸ்.ஐ. நஸீமா காதருகே வந்து சொன்னார்:
சீக்கிரம்.
ராட்டினத்துக்கு அந்தச் சொல் தெரியாது, மேடம்.
ஒன்றை இறக்கினால் அதன் எதிரை இறக்கணும்.
வரிசையாக இறக்கினால் ஒரு பக்கம் கனத்து
சக்கரம் தானாகச் சுழலும்.
குண்டு செய்யாததை நாமே செய்துவிடுவோம்.
ஒரு கணம் என்னைப் பார்த்தார்.
பிறகு கூட்டத்தை ஒதுக்கிக் கயிறு பிடிக்கப் போனார்.

ஒன்று. அரைச் சுற்று. ஒன்பது.
ஐந்து. அரைச் சுற்று. பதின்மூன்று.

ஏம்ப்பா நிறுத்துற என்றார் ஓர் அம்மா.
பெல்ட் தேஞ்சிருக்கும்மா, இடது பக்கமா போங்க.
பொய்தான்.
பிடித்துக்கொள்ளக் கொடுக்க
அந்த நேரத்தில் வேறெதுவும் என்னிடம் இல்லை.

'அவசர வழி' பலகைக்கு நேர் கீழே
டெல்லி அப்பளக் கடை.
கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு
அந்த வழி வாடகைக்குப் போயிருந்தது.
வாசலில் பை சோதிக்கிற கெம்பம்மா,
சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னதற்காக
நாலு நாளாய் வசவு வாங்கியவள்,
அடுப்பை அணைத்தாள்.
மேசையைக் காலால் தள்ளினாள்.
தகரத்தைப் பெயர்த்து
ஒவ்வொருவராய் எண்ணி அனுப்பினாள்,
வசவு வைத்தவர்களையும்.

கடைசியாக ஏழாம் தொட்டி.
ஒரு பையன், ஒன்பது பத்து வயசு, இறங்க மாட்டேன் என்கிறான்.
அஞ்சு சுத்துன்னு காசு வாங்கினீங்க, மூணுதான் ஆச்சு.
டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்:
பாக்கி 2.
அந்த 2 ஒரு புழுவைப் போல நெளிந்திருந்தது.
அப்போதுதான் என் கையைக் கவனித்தேன்.

பை எதுவும் கிடைக்கவில்லை.
மோப்ப நாய் பங்கனப்பள்ளிக் குவியலை
மூன்று தடவை சுற்றி வந்து தும்மியது.
போன் செய்தவன் குரலில் குடி இருந்தது என்றார்கள்.
இல்லை, சின்னப் பையன் குரல் என்றார்கள்.

மறுநாள் மாலை
அப்பளக் கடை அதே பலகைக்குக் கீழே இருந்தது.
கெம்பம்மா யாரிடமோ வசவு வாங்கிக்கொண்டிருந்தாள்.
பையன் வந்தான், டிக்கெட்டை நீட்டினான்,
தொட்டியில் கால் வைக்கும்முன் கேட்டான்:
பெல்ட் மாத்தியாச்சாண்ணா?

அப்பளக் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தேன்.
மாத்தியாச்சு, ஏறு
என்றேன்.