வினைமுற்று

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்குள் அனுப்ப வேண்டும்.
இப்போது வியாழன் இரவு. இல்லை,
மணி இரண்டு ஐம்பது, வெள்ளி பிறந்தாயிற்று.
உட்லண்ட்ஸ், பதினான்காம் மாடி.
கீழே தகர டின்னில் யாரோ எரித்த காகிதப் பணம்
கரித்துகளாய் ஏறி வந்து என் ஜன்னல் வலையில் ஒட்டுகிறது.
ஏழாம் மாதம். பேய்ப் படம் வெளியிட
நல்ல மாதம் என்றார்கள்.

சீனப் படம். தியோங் பாருவின் பழைய வீடொன்றில்
மாடிப்படியில் தள்ளப்பட்டுச் செத்த பெண்
இரவு மூன்று பத்துக்குத் திரும்பி வரும் கதை.
துப்பறிகிறவர் இன்ஸ்பெக்டர் தியோ,
ஈரக் குடையை மடக்காமலே வீட்டுக்குள் நுழைகிறவர்.
வசனத்தைத் தமிழில் திரைக்கு அடியில் எழுதுவது என் வேலை:
இரண்டு வரி, வரிக்கு முப்பத்தாறு எழுத்து,
நிமிடத்துக்கு இத்தனை வெள்ளி.

பாதிப் படம் எனக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.
லோசனியக்கா எழுதியது.
நாற்பத்தேழாம் நிமிடத்தில் நிற்கிறது.
அவரும் அங்கேதான் நின்றார்.

சிக்கல் என்னவென்றால்
சீனத்தில் அவனும் 'தா', அவளும் 'தா', அதுவும் 'தா'.
தள்ளியது 'தா' என்று சாட்சி சொன்னால்
எண்பத்தெட்டாம் நிமிடம்வரை அரங்கம் நகம் கடிக்கும்.
தமிழிலோ முதல் வினைமுற்றிலேயே
கொலைக்கு மீசை முளைத்துவிடும்,
அல்லது வளையல் குலுங்கிவிடும்.
வாலைப் பிடித்தே ஆளைச் சொல்லிவிடும் மொழி.

அக்கா எழுதியிருந்தார்:
"தள்ளிய கையைப் பார்த்தேன்."
ஒரு பெயரெச்சத்துக்குள் ஆளை ஒளித்துவிட்டார்.
நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

பேய் விஷயத்தில்தான் பிழை என்று நினைத்தேன்.
பேய் வந்தது, பேய் நின்றது, பேய் சிரித்தது,
பள்ளியில் படித்தது அப்படித்தான்.
இவரோ எல்லா இடத்திலும்
"வந்தார். நின்றார். கதவருகே அழுதார்."
பேய்க்கு யாராவது மரியாதை கொடுப்பார்களா?
அறுபத்திரண்டு இடம். ஒரே கட்டளை.
'ர்' எல்லாம் 'து' ஆயின.
காப்பி கலக்கப் போனேன்.

தண்ணீர் கொதிக்கும் சத்தத்தில் மண்டாய் ஞாபகம் வந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் தண்டவாளம்.
"எப்ப வந்துச்சு?" என்று கேட்டார் சிப்பந்தி.
"இப்பதான் வந்துச்சு" என்றேன்.
நான்தான் சொன்னேன்,
முந்தின திங்கள்வரை 'வாங்கக்கா' என்ற வாயால்.
ஒரு திணையைப் பிடுங்கிக்கொள்ள
ஒரு பெட்டி போதுமாக இருந்தது.

திரும்பி வந்து அறுபத்திரண்டையும் பழையபடி மாற்றினேன்.
ஒவ்வொன்றாக. கட்டளை வேண்டாம் என்று தோன்றியது.

நாற்பத்தேழாம் நிமிடம்.
மின்சாரம் போகிறது. கதவில் மூன்று தட்டு.
தியோ திறக்கிறார். கேமரா அவர் முகத்தில் மட்டும்.
"லாய் லெ" என்கிறார்.
இரண்டே அசை. யார் வந்தது?
கொன்றவரா, செத்தவரா, அவர் கூப்பிட்டனுப்பிய காவலரா?
எழுவாய் இல்லை, பால் இல்லை, திணை இல்லை.
அக்காவின் கட்டம் காலியாக இருக்கிறது.

வந்தான் என்றால் கதை முடிந்தது.
வந்தாள் என்றால் பயம் முடிந்தது.
வந்தது என்று இனி என் கை எழுதாது.
வந்தார்? ஏதோ கல்யாண விருந்தாளி மாதிரி.

மணி மூன்று பத்து.
மின்தூக்கி என் மாடியில் நின்று திறக்கிறது.
மூடுகிற சத்தம் வரவில்லை.

தோ பாயோ அலுவலகத்துக்கு அக்கா
தினமும் எட்டு இருபதுக்கு வருவார்.
கைப்பையை மேசையில் போட்டு,
செருப்பைக் காலாலேயே ஓரம் தள்ளி,
யாரையும் பார்க்காமல் ஒரு சொல் சொல்வார்.
அதில் அவர் இருக்கமாட்டார், யாரும் இருக்கமாட்டார்கள்,
வருகை மட்டும் இருக்கும்.

ஐந்தே எழுத்து. வரியில் இடம் தாராளம்.
தட்டுகிறேன்:
"வந்தாச்சு."

செருப்பு உரசும் சத்தம் ஒன்று கேட்கிறது.
படத்தை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.