நீலக் கட்டம் போட்ட சட்டை

செல்வேந்திரன் விட்டுப்போனவை மூன்று:
ஒரு குடை, பாதி தீர்ந்த சவரக் களிம்பு,
நீலக் கட்டம் போட்ட சட்டை.
குடை மழைக்கு ஆயிற்று.
களிம்பு குப்பைக்குழாயில் ஒன்பது மாடி இறங்கியது.
சட்டை மட்டும் ஆறு மாதம்
சமையலறைக்கு வெளியே மூங்கில் கழியில்
யாருக்கோ காய்வதுபோல் காய்ந்தது.

நேற்று காலரைப் பிரித்தேன்.
உள்ளே வெயில் படாத பழைய நீலம்.
பையில் மடித்த நாலு நம்பர்ச் சீட்டு,
எங்கள் வீட்டு எண்.
விழுந்ததா என்று பார்க்கவில்லை.

குரோஷா ஊசி பிழை பொறுக்கும்;
நூலை இழுத்தால் நேற்றுக்கே திரும்பிவிடலாம்.
கத்தரிக்கோல் அப்படியில்லை.
அதனால்தான் அதை முதலில் எடுத்தேன்.

கை இரண்டும் போயின. இடுப்பு ஒடுங்கியது.
அக்குள் மட்டும் வாயைப் பிளந்தது.
தேக்கா மாடியில் வாங்கிய மஞ்சள் நூலில்
நாற்பது சங்கிலி போட்டு அடைத்தேன்,
கொஞ்சம் கோணல்தான்.

இன்று புக்கிட் பாஞ்சாங் மழையில்
லிப்டுக்குள் பத்தாம் மாடி ரோஸ்னா
தொட்டுப் பார்த்து மலாயில் கேட்கிறாள்,
எந்தக் கடை என்று.

பொத்தான் இன்னும் ஆண்பிள்ளைப் பக்கமே இருக்கிறது.
எட்டுக் காஜாவை
யார் திரும்பப் போடுவது?