பத்துக் கிலோவுக்குக் கீழே

எங்கள் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
வண்டி வெறுமையாக ஏறும், ஒரு சீட்டு.
வெள்ளைக்கல் நிரப்பி வரும், இன்னொரு சீட்டு.
பெரியதில் சிறியதைக் கழித்து
ரப்பர் முத்திரை குத்துவேன்.
கருப்பூர்ப் பக்கம், பதினேழு வருஷமாக,
கழித்தல்தான் என் உத்தியோகம்.

ஒரு மழைநாள்
டயர் இடுக்கில் மாட்டியிருந்த கல்லை
ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன்.
பச்சை கறுத்த பாறைக்குள்
வெள்ளை நரம்பு ஓடியது,
காலிஃபிளவரை நறுக்கியதுபோல் முடிச்சு முடிச்சாக.
டன் டன்னாக எழுதிய பொருளை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
இது எப்படி இதற்குள் போனது?
டிரைவரைக் கேட்டேன். கிளீனரைக் கேட்டேன்.
மழையில் நனைகிறது, சீட்டைக் கொடு என்றார்கள்.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.
அஸ்தம்பட்டியில் ஒரு மாடி, ஒரே மின்விசிறி.
நிலவியல், சான்றிதழ்ப் படிப்பு, ஆறு மாதம்,
கட்டணம் நாலாயிரத்து இருநூறு.
"அந்தக் காசை ஏலச்சீட்டில போட்டிருந்தா..."
நாத்தனார் வாக்கியத்தை முடிக்கவில்லை.
முதலாளி செங்கோடன் நேராகவே கேட்டார்:
"படிச்சா வேற எங்கயாவது சம்பளம் கூட வருமா,
இல்ல நான் கூட்டித் தரணுமா?"
ரெண்டும் இல்லைங்க என்றேன்.
நிம்மதியாகப் போய்விட்டார்.

பாடம் எடுத்த நிரஞ்சனா
என் மகளைவிட ஒரு வயது சின்னவள்.
எப்போதும் "அக்கா" என்பாள்,
நான் தப்பாகச் சொன்னால் மட்டும் "மேடம்".
சுண்ணாம்புக்கல்லில் அமிலம் விட்டால் உடனே நுரைக்கும்,
நம்ம ஊர் வெள்ளைக்கல் அப்படியில்லை,
பொடிக்க வேண்டும், சூடாக்க வேண்டும் என்று
செய்து காட்டினாள்.
சோற்றுக்கு நேரமாகியும்
அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டுப் பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி.
சாலைக்காக வெட்டிய பாறையில்
எங்களைக் கைவைக்கச் சொன்னாள்.
இருநூற்றைம்பது கோடி வருஷமாம்.
பஸ்ஸில் எலுமிச்சம்பழம் முகர்ந்தபடி
இதைத் தாண்டும்போதெல்லாம்
கண்ணை மூடியிருக்கிறேன்.
ஒரு குரங்கு வந்து
என் பையிலிருந்த பொரியுருண்டையோடு ஓடியது.
கையை எடுக்கவில்லை.

தேர்வில் படிகவியல் போய்விட்டது.
முப்பத்தொன்று.
"முயற்சி பண்ணின வரைக்கும் போதும், விடு"
என்றார் வீட்டுக்காரர், அன்பாகத்தான்.
தலைகுனிந்து தோசை வார்த்தேன்.
உள்ளுக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷம்:
இன்னும் ஆறு மாதம் உண்டு,
உப்பையும் கல்கண்டையும்
லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க.

நேற்றிரவு லோடு இல்லை.
மேடையில் நானே ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
இறங்கிப் போய்ப் புத்தகம், நோட்டு, அமிலக் குப்பி,
துணியில் முடிந்த கற்கள்
எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.
அறுபது.
வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்து
என்னம்மா சிரிப்பு என்றார்.

விடியலில் மாதையன் வண்டி.
பின்சக்கரத்தில் ஒரு சில்லு,
முனையில் ஏதோ மின்னுகிறது.
குனிகிறேன்.
அவன் பின்னால் நாலு வண்டி ஹாரன்.
"அக்கா, சீட்டு!"
இரு மாதையா,
இதற்கு எத்தனை முகம் என்று
எண்ணிவிட்டு வருகிறேன்.