ஐந்து மணியின் கை

மூன்று முறை நான்தான் அவளை அழைத்தேன்.
"பால்மசேடாவில் பனிக்காற்று. விமானம் இறங்கவில்லை.
மூட்டு டாக்டர் இனி ஆகஸ்டில்தான்."
மூன்று முறையும் நெலிடா ஒயார்சோ
"உங்கள் மேல் என்ன தப்பு, சென்யோரா" என்றாள்.
திட்டியிருந்தால் இந்த அளவு உறைத்திருக்காது.

சால்மன் ஆலையில் பதினொரு வருடம்.
விரல் வீங்கியபோது
குளிர் என்றார் மேற்பார்வையாளர்.
வயது என்றது ஊர் மருந்தகம்,
முப்பத்தெட்டு வயதுக்காரியிடம்.

நான்காவது தேதிக்கு வானம் திறந்தது.
விடியுமுன் பேருந்து ஏறி வந்தவள்
உள்ளே போனபோது பன்னிரண்டரை.
"கையை மூடுங்கள்."
மூடியது.
மூடாமல் என்ன செய்யும், நண்பகல்!
பொத்தான் போட மகனைக் கூப்பிடுவது
காலை ஐந்து மணியின் கை.
என் பட்டியலில்
எட்டரைக்கு முன் வரியே கிடையாது.

கதவு சரியாகச் சாத்தவில்லை; பார்த்தேன்.
பையிலிருந்து எடுத்தாள்
மீன்பெட்டி அட்டைகள், பத்தொன்பது.
மாதம் ஒன்று.
விடியலில் அவள் கையை வைக்க
மகன் பென்சிலால் சுற்றி வரைந்தது.
மேசை போதாமல்
கட்டிலில் பரப்பினார் டாக்டர்.
அட்டைக்கு அட்டை விரல்கள்
சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துகொண்டே போயின,
காற்று தள்ளித் தள்ளி வளர்த்த
எங்கள் லெங்கா மரங்கள் மாதிரி.

வெகுநேரம் அவர் பேசவில்லை.
பிறகு நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார்.
நெலிடா எழுத்தெழுத்தாக வாசித்தாள்,
யாரோ திருப்பித் தந்த கடனை
எண்ணிப் பார்ப்பவள் போல.

அடுத்த தேதி டிசம்பர் ஒன்பது என்று குறித்தேன்.
வானிலையைப் பற்றி
அவளும் கேட்கவில்லை.
கட்டில் விரிப்பில் மீன் வாடை.
மாலைவரை நான் அதை மாற்றவில்லை.