உபுயிலே

ஒரே செவ்வாய்க்கிழமை.
காலை ஏழு மணிக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்,
பதினொன்றரைக்கு என்னை.
அதே டாக்டர், நடுவில் ஒரு டீயும் பாதி ரஸ்க்கும்.
நர்ஸ் சொன்னாள். ஏன் சொன்னாளோ.

இருவர் சீட்டிலும் ஒரே பெயர்,
எழுதியவரே ஒருமுறை அடித்துத் திருத்திய பெயர்.
பத்து லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருமாம்.
அடுத்தடுத்த கட்டிலில் ரெண்டு பேர்!
வா சிசி, லோட்டோ வாங்கலாம் என்றாய்.

உனக்கு இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம்.
இரண்டு தலையிலும் நல்ல பாதியை ஒட்டிவைத்தால்
ஒரு முழு ஆள் தேறும் என்று
ரத்தம் எடுக்க வந்த பையனிடம் சொன்னாய்.
அவன் சிரிக்கவில்லை.
நாம் சிரித்தோம், தையல் இழுக்க இழுக்க.

ஸிபுயிலே.
திரும்பி வந்தன என்று பொருள்.
எவை, என்று கேட்டேன்.
மாடுகள். அப்பா கொடுத்த பரிச மாடுகள்
பெண் பிறந்தால் ஒருநாள் வீடு திரும்பும், அதனால் அந்தப் பெயர்.

ஒன்பதாம் மாதம் திரும்பி வந்தது,
மாடில்லை.

எனக்கு இது முப்பத்தோராம் மாதம்.
ஏன் என்று கேட்டேன்.
டாக்டர் திரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்,
சிலருக்கு இப்படி அமையும் என்றார்.
மாமியார் தன் காவடியைச் சொல்கிறார்,
பக்கத்து வீட்டு சரோஜினி பச்சை மஞ்சளை.
உன் அம்மா சர்ச்சில் முட்டி போட்ட ஞாயிறுகளை
எந்தக் கணக்கில் எழுதுவது?

பிழைத்த கதையைக் கேட்டாயானால், இவ்வளவுதான்:
தட்டின் இடப்பாதி எனக்குத் தெரியாது.
வலப்பக்கத்துச் சோற்றை முடித்துப் போதும் என்பேன்.
பூபாலன் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைப்பான்.
மறுபடி சோறு, மறுபடி பருப்பு,
எங்கிருந்தோ முழுசாய் ஒரு அப்பளம்.
கதவு நிலையில் இடது தோள் இடிக்கும்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழாய்க்குள் படுத்து
தடதட சத்தத்தை எண்ணுவேன்.
முடிவு வரும்வரை வீட்டில் யாரும்
அடுத்த மாதத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

இந்த ஜூனிலும் சுத்தம்.
அன்றைக்குத்தான் சாளைக் கூட்டம் கரைக்கு வந்தது.
இசிபிங்கோ கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
வாளி, சட்டை, பிள்ளையின் தொப்பி,
கிடைத்ததிலெல்லாம் மீன் அள்ளும் ஜனம்.
தப்பிப்போன மீனைப் பற்றி ஏதோ தோன்றியது.
வேண்டாமென்று விட்டுவிட்டேன்.
இரண்டு டஜன் வாங்கி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு
உம்லாஸி டாக்ஸியில் ஏறினேன்.
நாற்றத்துக்கு முன்சீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

இருபத்திரண்டு மாதமாகப் போகாத வீடு.
போய் என்ன சொல்வது, நான் இருக்கிறேன் என்றா?

உன் அம்மா கதவைத் திறந்து
முதலில் என் தலையைத்தான் பார்த்தாள்.
உபுயிலே? என்றாள்.

நீ திரும்பி வந்தாயா.
அது திரும்பி வந்ததா.
அவள் திரும்பி வந்தாளா.
மூன்றுக்கும் உங்கள் மொழியில் இந்த ஒரே சொல்தான்,
குரல் ஏறி இறங்குவதில் பிரியுமாம்.
மீன் பேரத்துக்கு மட்டும் பழகிய என் காதுக்கு
அது பிடிபடவில்லை.

ஆம் என்பதா, இல்லை என்பதா தெரியாமல்
பொட்டலத்தை நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.
என் தலையைக் குனியவைத்து
முடி முளைக்காத கோட்டின் மேல்
காதருகே தொடங்கி உச்சிவரை விரல் ஓட்டினாள்.
பிறகு, ஒன்றுமே இல்லாத இடப்பக்கத்திலும்
அதே மாதிரி, அதே நிதானத்தில்.

கத்தியும் பலகையும் கொண்டு வந்தாள்.
செதில் எடுக்க நான், வயிறு கீற அவள்.
முடிந்தது என்று கை கழுவ எழுந்தேன்.
பலகையின் இடது ஓரத்தில் கிடந்த ஏழு மீனை
ஒவ்வொன்றாக
என் கண் எட்டும் பக்கம் நகர்த்தி வைத்தாள்.