நாற்பத்தேழுக்கு எட்டு

போன ஞாயிறு இருநூற்றுப் பதினொன்று.
பெரியபட்டினத்துக்காரர்கள் பந்து பொறுக்கியே களைத்துப்போனார்கள்.
உடைமரங்களைத் தாண்டி ஒரு பந்து
ஐஸ் பிளாண்ட் தகரத்தில் விழுந்த சத்தம்
இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது.
இந்த ஞாயிறு
அதே பதினொரு பேர், அதே பாய் விரித்த பிட்ச்,
அதே கடை பிரியாணிப் பொட்டலம்.
தெற்குவாடி, நாற்பத்தேழுக்கு எட்டு.

பாம்பன் ஏலக்கூடத்தில் எடை எழுதுகிறவள் நான்.
நண்டு, கணவாய், சூடை, காரல்,
நேற்று எது எத்தனை கிலோ என்றால்
நோட்டைப் பார்க்காமல் சொல்வேன்.
அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில்
இவர்களையும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
முதலாளி ஒருநாள் புரட்டிவிட்டு,
"எமரிட் பூஜ்யம், எமரிட் பூஜ்யம், எமரிட் எண்பத்தாறு...
யாரும்மா இது, ஒழுங்கா கடன் கட்டாத ஆளா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

எமரிட் எனக்கு யாருமில்லை.
அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வெறும் பெட்டியோடு கரையேறுகிறவனிடம் ஒரு காரணம் இருக்கும்.
கச்சான் அடித்தது. நீரோட்டம் திரும்பிவிட்டது.
நிலவுக்குப் பயந்து மீன் அடியில் போய்விட்டது.
இவர்களை எந்தக் காற்று அடித்தது?
இன்று காற்றே இல்லை,
மாதா கோயில் கொடி துவைத்துப்போட்டதுபோல் தொங்குகிறது.

பாலத்தில் ரயில் ஏறியதைத் திரும்பிப் பார்த்தான் நம்புராஜன்.
ஸ்டம்ப் போனது.
பிறந்ததிலிருந்து அந்த ரயிலைப் பார்க்கிறவன்.
சீனி இபுறாகிம் முதல் பந்தைக் கடல் பக்கம் அனுப்பினான்.
இரண்டாவதையும் அனுப்பினான்,
அது வானத்துக்குப் போய்,
முந்தல்முனைப் பையன் ஒருவன் காலரைச் சரிசெய்துகொண்டு
பிடிக்கிற அளவுக்கு அவகாசம் கொடுத்து இறங்கியது.
காளீஸ் ஓடினான்.
எதிர்முனையில் யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை.

என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது.
கடலுக்குப் போய்வந்த நாளில்தான் ஆடுவார்கள் என்று.
தூக்கமில்லாத கண்ணும் கயிறு அறுத்த கையுமாக
ஏழு பேர் மட்டும் வந்து
நாலு பள்ளிக்கூடப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு
தங்கச்சிமடத்தை ஜெயித்தார்களே, அன்று பிடித்த கணக்கு.
தடைக்காலம் வந்தது. விசைப்படகெல்லாம் கரையில்.
கிழிந்த இறால்வலையைக் கம்பத்தில் கட்டி
காலையும் மாலையும் பயிற்சி.
உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.
அப்போதுதான் அந்த இருநூற்றுப் பதினொன்று.
போச்சு என் கணக்கு.
அடுத்த ஞாயிறு இது.

ஒன்பதாவதும் விழுந்தபிறகு இன்னாசி வந்தான்.
எஞ்சின் மெக்கானிக். இரவல் பேடு, முழங்காலில் நிற்காமல் வழுகுகிறது.
ஜெயிக்க இன்னும் தொண்ணூறு.
அவன் அடிக்கவில்லை.
பந்து வந்தது, மட்டையை வைத்தான்.
வந்தது, வைத்தான்.
நட்டை ஒரு சுற்று முறுக்கிவிட்டு
கசிகிறதா என்று பார்ப்பவன்போல்
ஒவ்வொன்றுக்கும் பிட்ச்சைக் குனிந்து பார்த்தான்.
இருபத்தொன்பது பந்து, ஒரு ரன்.
என் நோட்டில் புள்ளி, புள்ளி, புள்ளி.
முந்தல்முனைக்காரர்கள் சிரித்தார்கள்,
பிறகு சிரிக்கவில்லை,
பிறகு பந்துவீச்சாளன் செருப்பைத் தேடுகிறவன்போல் தரையைப் பார்த்து நடந்தான்.
மறுமுனையில் ரோச் பொறுமையிழந்து சுற்றி,
எல்லாம் முடிந்தது. அறுபத்தெட்டு.

லோடு வேனில் ஏறும்போது எமரிட் கேட்டான்:
"நான் எத்தனை பந்து ஆடினேன்?"
"நாலு."
"மூணுதான்."
"நாலு. ஒண்ணை வைடுன்னு நினைச்சு விட்டே. அதுலதான் போனே."
மண்டபம் பக்கம் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அடுத்த வாரம் வருவியா?"

நாளை விடியுமுன் நாட்டுப்படகுகள் வந்துவிடும்,
காரல் எத்தனை பெட்டியோ.
வேனின் குலுக்கலில் கோடு கோணலாகத்தான் விழுந்தது,
ஆனாலும் புதுப் பக்கத்தில்
பதினொரு பெயருக்கும் இடம்விட்டுப் போட்டு முடித்தேன்.
எண்பத்தாறை எழுத எவ்வளவு இடம் வேண்டுமோ
அவ்வளவு.