பதினொன்று

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் ஐஸ் ஆலை. நான் கணக்குப்பிள்ளை.
டீசல் இல்லாமல் போட்டுகள் கட்டிக் கிடந்த மாதம்
வங்கிப் படிவத்தை நிரப்பியவன் நான்தான்.

‘வேலையாட்களின் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில்
பதினொன்று என்று எழுதினேன்.
சேமலாப நிதிப் புத்தகத்தில் இருந்த பதினொன்று.
கட்டி உடைக்கிற தவநிதி,
உமி கொட்டுகிற இரண்டு பொடியன்கள்,
தள்ளுவண்டி இப்றாலெப்பை:
நாட்கூலிக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

“ஆறு மாதத்துக்கு ஒருவரையும் நிறுத்தக் கூடாது.
வட்டி குறைவு. அரசாங்கம் பிணை.”
மனேஜர் சொல்லி முடிக்கவும் கரண்ட் போனது.
இருட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது.
வாங்கின கடனைக் கட்ட வழியில்லை என்று
முந்தாநாள்தான் கையை விரித்த அரசாங்கம்
எங்கள் முதலாளிக்குப் பிணை!
அவர் சிரிக்கவில்லை.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கையெழுத்து வைத்தார்.

காசு வந்தது.
பொய் சொல்லக் கூடாது,
பதினொரு வீட்டில் உலை கொதித்தது.
வேலைதான் வரவில்லை.
எட்டு மணிக்கு வந்து கையெழுத்திட்டு
உறையாத தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.
மெக்கானிக் மேகராசா ஒரே சுவருக்கு
மூன்று தரம் சுண்ணாம்பு அடித்தான்.
நாலாம் மாதம் ஒரு கடதாசி நீட்டினான்:
“கட்டாருக்கு விசா வந்திட்டு. என்ர பேரை வெட்டுங்க.”
வெட்டினால் பத்து.
பத்தானால் வங்கிக்கு விளக்கக் கடிதம்.
“ரெண்டு மாசம் பொறு மனே” என்றேன்.
சும்மா இருக்கச் சொல்லி
ஒருவனைக் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

தவநிதி அந்த மாதங்களில்
பேத்தாழைப் பக்கம் மட்டி பொறுக்கினாளாம்.
நான் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு டீசல் வந்தது, அளந்து அளந்து.
போட்டுகள் போயின. தொட்டி உறைந்தது.
மின்சாரப் பட்டியல் மூன்று மடங்கு.
ஆறு மாதமும் ஒரு நாளும் ஆனபோது
முதலாளி நாலு பேரை நிறுத்தினார்.
படிவத்தில் ஒரு எழுத்தையும் அவர் மீறவில்லை.

முதல் தவணைக்கு ஐஸ் ஓட வேண்டும்.
நிதி கட்டத் தேவையில்லாத கைகளைத் தேடி
ஆள் அனுப்பினேன்.
தவநிதி வந்தாள்.
சுத்தியலைத் தொடவில்லை.
“என்ர முழுப்பேர் தெரியுமா உங்களுக்கு?”

பதினாலு வருடமாக என் புத்தகத்தில் அவள்
‘கட்டி உடைப்பு, ஆள் ஒன்று.’